கைரேகை பதிந்த வெள்ளிக் கோப்பை

தனியாக இருக்கும் ஒருவர் எதற்காக இரண்டு வெள்ளிக் கோப்பைகளை எடுத்து வைக்கிறார்? இந்த மே மாதம், குதிரைப் பந்தயச் சனிக்கிழமையன்று அம்மா இப்படிக் கேட்டார்.

பக்கத்து வீட்டு மிஸ் வில்டாவைத்தான் அம்மா சொன்னார். எங்கள் ஊர் பார்ட்ஸ்டவுனில் வெகுகாலம் தபால் வண்டி ஓட்டியவர் அவர். எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்பது இன்றும் அவருக்கு அத்துப்படி. தாய் இறந்தபின் தம்பி ஹார்லனை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹார்லன் எதிர் வீட்டில் இருக்கிறார். விஸ்கிக் கிடங்கில் பீப்பாய் உருட்டும் வேலை.

அக்காவும் தம்பியும் ஒரு வருடமாகப் பேசுவதில்லை. காரணம் புதினா.

பந்தயத்தன்று இங்கே வீட்டுக்கு வீடு வெள்ளிக் கோப்பையில் ஜூலெப் என்ற பானம் கலப்போம். சர்க்கரைப்பாகு, புதினா, விஸ்கி, விளிம்புவரை நொறுக்கிய ஐஸ். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும் என்பது மிஸ் வில்டாவின் கட்சி. நசுக்கினால்தான் மணம் என்பது ஹார்லனின் கட்சி. சென்ற ஆண்டு ஹார்லன் நசுக்கிக் கலந்ததை, அவருடைய சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, "இது கசப்பு மருந்து" என்று சொல்லி மிஸ் வில்டா தன் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். வேறு ஊரில் அது சின்ன விஷயம். விஸ்கியால் பிழைக்கும் எங்கள் ஊரில் அது முகத்தில் துப்புவதற்குச் சமம். தொப்பியை எடுத்துக்கொண்டு போன ஹார்லன் திரும்பி வரவில்லை.

நானும் அம்மாவும் போனபோது மிஸ் வில்டா ஐஸைக் கித்தான் பையில் போட்டு மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். முதல் கோப்பைக்குப் புதினாவைத் தட்டிப் போட்டார். இரண்டாவதற்கு ஒரு கட்டையை எடுத்து இலைகளை நசுக்கு நசுக்கென்று நசுக்கினார்.

"என்ன வில்டா, துணியா துவைக்கிற?" என்றார் அம்மா.

"பேசாம உட்காரு, ஜோன்."

"இது உன் பக்குவம் இல்லையே."

"என் பக்குவம்னு சொன்னேனா? இது அவனுக்கு."

"கூப்பிட்டியா?"

"வளர்த்தவ நான். நான் போய்க் கூப்பிடணுமா?"

"அப்ப எப்படித்தான் வருவான்?"

மிஸ் வில்டா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "வரலைன்னா அடுத்த வருஷம் இந்த வீட்டுல ஜூலெப் கிடையாது," என்றார்.

அந்தக் கோப்பையைத் தெருவைப் பார்த்த வராந்தாக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். வெள்ளியின்மேல் வெண்பனி படர்ந்தது. அந்தப் பனி கலையாமலிருக்க விளிம்பில்தான் விரல் வைக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். ஹார்லனுக்கு மட்டும் இன்றுவரை அது வரவில்லை.

பந்தயம் தொடங்கியதும் மூவரும் உள்ளே டிவி முன்னால் போய் நின்றோம். ஓட்டம் சட்டென்று முடிந்தது. யார் ஜெயித்தது என்றுகூடப் பார்க்காமல் மிஸ் வில்டா வெளியே வந்தார்.

கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. பாதி காலி. பனியின்மேல் ஓர் அகலமான கை, ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தது.

"பூனை குடிச்சிருக்கும்," என்றார் அம்மா.

"புதினா இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கணும்," என்று கீழ்ப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹார்லன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விளிம்புல புடிடான்னு எத்தனை தடவைடா சொல்றது?"

"மறந்துடுதுக்கா."

"மேல வா. ஐஸ் கரையுது."

அவர் மேலே வந்தார். மிஸ் வில்டா தம்பியின் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். ஹார்லன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குது," என்றார் மிஸ் வில்டா. இன்னொரு வாய் குடித்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அந்தக் கசப்பை மிஸ் வில்டா இரண்டாம் முறை குடித்ததையும் விடாமல் சொல்லுங்கள்.