சிமெண்டில் இறங்கிய நாலு போல்ட்

லேத்துக்காரி என்றால் அந்தக் கடைவீதியில் குழந்தைக்கும் தெரியும். கூட்டல் கழித்தலோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள்தான். ஆனால் அவள் லேத்தில் கடைந்து கொடுத்த இரும்புத் தண்டு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்படி ஒரு கை வேறு யாருக்காவது இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்.

அந்த ஊர்ச் சட்டம் வேறு மாதிரி. ஒருவர் கண்ணை மூடினால், தரையோடு ஒட்டியிருப்பதெல்லாம் ஆண் வாரிசுக்கு, அசைகிறதெல்லாம் மகளுக்கு. மகன் இல்லையா, பங்காளி வீட்டுப் பையனுக்கு. அவர் போய் வருடம் திரும்பும் நாளில் ஊர் மணியக்காரர் வந்து பார்ப்பார். அன்றைக்கு எது எப்படி நிற்கிறதோ அதுதான் தீர்ப்பு.

அவளோ அப்பாவுக்கு ஒரே பிள்ளை. அதனால் பட்டறையில் துளை போடும் மெஷினுக்குச் சக்கரம், சாணைக்குச் சக்கரம், மேசைக்கும் சக்கரம். கனமான லேத்தை மட்டும் தரையில் பூட்டாமல் மரக்கட்டைமேல் நிறுத்தியிருந்தாள்.

"இது பட்டறையா, தேரா?" என்று அப்பா கேலி செய்வார்.

"இழுக்க ஆள் நானிருக்கேன். நீங்க ஏறி உக்காருங்க" என்பாள்.

அப்பா படுக்கையில் விழுந்தார். லேத் ஆடுகிற சத்தம் பக்கத்து அறைவரை வந்து அவரை உறுத்தியது. அவள் சரக்குக் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கொத்தனாரை வரவழைத்து, கட்டையை எடுத்துவிட்டு, தரையைத் தோண்டி நாலு போல்ட்டைச் சிமெண்டில் இறக்கிவிட்டார். தொழில்காரப் புத்தி வேலையைப் பார்த்தது; சட்டத்தைப் பார்க்கவில்லை.

"இனி உன் கை நடுங்காதும்மா" என்றார்.

சிமெண்ட் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு கடப்பாரை போதும். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அந்த மாதமே அப்பா போய்விட்டார். சித்தப்பா மகன் பூட்டும் சாவியுமாக வந்தான். சக்கரம் வைத்ததையெல்லாம் அவளும் அவளுடைய ஒரே மகளும் தள்ளிக்கொண்டு எதிர்ச்சாரியில் வாடகைக்கு எடுத்த கொட்டகைக்குப் போனார்கள். லேத் இல்லாத பட்டறை, கை இல்லாத சட்டை. பெரிய வேலையெல்லாம் வாசலோடு திரும்பிப் போயிற்று.

"அக்கா, நீயே வந்து ஓட்டேன். கூலி தரேன்" என்றான் தம்பிக்காரன்.

"நான் கூலிக்கு ஓட்டினா உங்க பெரியப்பா எந்திரிச்சு வந்துடுவாருடா."

அவனுக்கு லேத்தில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாது. வருடம் திரும்பச் சில நாள் இருக்கும்போது, மூட்டை அடுக்க இடம் தேடி ஒரு வியாபாரி வந்தார். தரை காலியாக வேண்டும் என்றார். இவன் ஆள் பிடித்து, போல்ட்டை அறுத்து, லேத்தை உருளைக் கட்டைமேல் ஏற்றி வாசலோரம் தள்ளினான். அவன் பிறந்ததிலிருந்து சட்டம் அவன் பக்கமே நின்றதால், அதை முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அவசியம் அவனுக்கு வந்ததேயில்லை.

எதிர்ச்சாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் வாயே திறக்கவில்லை. அவள் வாயை அடக்கியதை அந்த வீதி பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மணியக்காரர் வந்தார். லேத்தை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். அசைந்தது.

"இது அந்தம்மாவுக்கு" என்றார்.

"ஐயா, போல்ட் போட்டிருந்ததுங்க. ஊருக்கே தெரியும்."

"இருந்தது தம்பி. இப்ப எங்க?"

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ கேக்கலையேடா. சரி, அந்தப் பக்கம் பிடி. கனமா இருக்கு."

பிடித்தான்.

கொட்டகையில் லேத் மறுபடியும் மரக்கட்டைமேல்தான் நிற்கிறது, ஆடத்தான் செய்கிறது. ஆனாலும் தண்டு பிசகுவதில்லை. சிமெண்ட் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், பக்கத்தில் நின்று லேத்தின் கைப்பிடியைச் சுற்றும் மகளைப் பார்ப்பாள்.

"ஆடட்டும்" என்பாள்.