சோணேசன் என்று ஒரு பெயர்

அண்ணி அந்தப் பெயர்ப் பட்டியலை மடியில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது அவருக்கு ஏழு மாதம். திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில், வெயில் படாத மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வருகிறவர்கள், நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதற்காக நானே தட்டச்சு செய்து, பெயருக்கு எதிரே அர்த்தமும் போட்டு, ஆறு தாளில் வைத்திருந்த பட்டியல் அது. ஆறாவது தாளின் கடைசி வரி வரைக்கும் அடித்து முடித்துவிட்டு, "எல்லாமே யாருக்காச்சும் இருக்குது தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அவர் படித்த வகுப்பில் அவர் பெயரிலேயே ஐந்து பேர் இருந்தார்களாம். வருகைப் பதிவில் நான்காவதாக வந்ததால் வாத்தியார் அவரை 'நாலாவது' என்றே கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு நிற்கிற வரைக்கும் அதுதான் பெயர். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை இது. ஆண்பிள்ளைதான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். அண்ணாமலை என்று வைக்க வேண்டும் என்பதில் என் அம்மா பிடிவாதமாக இருந்தார். அண்ணி எதிர்த்துப் பேசிய ஒரே விஷயம் அதுதான். "தீபத்தன்னைக்கு மாடவீதியில நின்னு அந்தப் பேரைக் கூப்பிட்டா நூறு பேரு திரும்புவாங்க அத்தை. என் புள்ள மட்டும் திரும்பணும்."

அந்த வாரம் மனு தட்டச்சு செய்ய வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோணேசன்னு வைக்கச் சொல்லுங்க" என்றார். சோணம் என்றால் சிவப்பு. நம் மலைக்குச் சோணாசலம் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தச் சிவந்த மலைக்கு இறைவன் சோணேசன். இந்த ஊரின் பெயர்தான், ஆனால் இந்த ஊரிலேயே யாரும் வைப்பதில்லை என்றார். அண்ணியிடம் சொன்னபோது அவர் இரண்டு மூன்று முறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். அப்புறம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். நல்ல பெயராயிற்றே என்று அன்றே என் பட்டியலிலும் அதைச் சேர்த்துவிட்டேன். அதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. ஆண்தான். இதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டது. முப்பதாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம்.

இறப்பைப் பதிய அண்ணனும் நானும் போனோம். எழுத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "பேரு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்தபடி, "இல்லீங்க" என்றான். அண்ணி அந்தப் பிள்ளையைப் பத்தொன்பது நாளும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். பேனா என் கையில்தான் இருந்தது. அண்ணன் இருந்த நிலையில் எதையும் பேச வேண்டாம் என்று நினைத்து, 'ஆண் குழந்தை' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அண்ணிக்கு வேறு பிள்ளையும் இல்லை.

ஐந்தாறு வருடம் போயிருக்கும். அண்ணியும் நானும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பெண், "சோணேசா, ஓடாத, இங்க வா" என்று கூப்பிட்டாள். அண்ணி திரும்பிய வேகத்தில் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் பஸ் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். அண்ணி அந்தப் பெண்ணிடம் போய், "யாரும்மா இந்தப் பேரு வெச்சது?" என்று கேட்டார்.

"ஜெராக்ஸ் கடையில லிஸ்ட்டு குடுத்தாங்கக்கா. யாருக்குமே இல்லாத பேராம்."

அண்ணி என்னைப் பார்த்தார். கீழே கிடந்த பையை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டார். என் பட்டியலைப் பக்கத்துக் கடைக்காரர்களும் நகலெடுத்து வைத்திருந்தார்கள். ஊருக்குள் எத்தனை சோணேசன்கள் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கணினியைத் திறந்து அந்த வரியை அழித்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணி கடைக்கு வந்தார். பட்டியலைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கடைசி வரை பார்த்தார்.

"அந்தப் பேரு எங்க தம்பி?"

"எடுத்துட்டேன் அண்ணி. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

அவர் குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரி சீட்டுல அவன் பேரு இல்ல. செத்த சீட்டுலயும் இல்ல. உங்க அண்ணன் வாயிலயும் இல்ல. எழுதி வெச்சிருந்தது இதுல மட்டும்தான். பதியப் போன அன்னைக்கு அவருகூட நீங்களும்தான் நின்னீங்க. இப்ப இதுலயும் இல்லாம பண்ணிட்டீங்க." பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு, "அவனைத்தான் என்னத் தவிர யாரும் கூப்பிடல. அந்தப் பேரையாவது யாராச்சும் கூப்பிடட்டுமே" என்றார்.

அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் தட்டச்சு செய்தேன். "மூணு சுழி ண போடுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. வீட்டுக்குப் போனால் சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாராச்சும் அந்தப் பேரு எடுத்தாங்களா?" என்று கேட்பார். எடுத்திருந்தால் சொல்வேன். என்ன ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்டுக்கொள்வார். அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போது பட்டியல் கேட்டு யாரும் வருவதில்லை. எல்லாரும் கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றான். பழைய பெயர் என்ன என்று கேட்டேன். சோணேசன் என்றான்.

"ஏன் தம்பி மாத்துற?"

"பசங்க சோனி, சோனின்னு ஓட்டுறாங்கண்ணா. சோனேஷ்னு போட்டுடுங்க. தங்கம்னு அர்த்தமாம், போன்ல போட்டிருக்கு."

பிழைத்திருந்தால் எங்கள் பிள்ளைக்கு இவனைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருந்திருக்கும். சிவந்த மலையைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம். பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டையும் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அன்று மதியம் சோறு போடும்போது அண்ணி கேட்டார், "யாராச்சும் வந்தாங்களா தம்பி?"

"யாரும் வரல அண்ணி" என்றேன்.