ஆறு மாடிக்கும் ஒரே தரை

எங்கள் அத்தை மூன்று வாரமாக ஒரு டைல்ஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாதாப்பூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டியதையெல்லாம் பார்த்து வாங்குவது அத்தையின் வேலை. நாற்காலி, விளக்கு, திரைச்சீலை எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. ஆறு மாடிக் கழிவறைகளுக்கும் எந்தத் தரை போடுவது என்பதில்தான் மேலாளருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகிற இடம், முகம் தெரிகிற மாதிரி கறுப்பு கிரானைட் வேண்டும் என்றார் மேலாளர். பழைய அலுவலகத்தில் அந்த மாதிரித் தரையில்தான் ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அத்தை. சொரசொரப்பான டைல்ஸ்தான் போட வேண்டும் என்று கைப்பட எழுதியே கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரிக் கற்களை எங்கள் மாரெட்பள்ளி வீட்டுக்கே கொண்டுவந்து கொல்லையில் பரப்பி, சோப்புத் தண்ணீரை ஊற்றி, எங்களை வரிசையாக நடக்கவிட்டாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அடுப்பில் குழம்பை விட்டுவிட்டு அம்மாவும் நடந்தாள். நான் வேண்டுமென்றே கிரானைட்டில் இரண்டு முறை வழுக்கினேன். அத்தை ஜெயிக்க வேண்டுமே.

முடிவு செய்கிற நாளில் எனக்குப் பள்ளி விடுமுறை. அத்தை என்னையும் அழைத்துப்போனாள். சிமெண்ட் வாசனை போகாத கழிவறையில் மூன்று கற்களை வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கிரானைட்டில் கால் வைத்த மேலாளர் சர்ரென்று சறுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சொரசொரப்பான கல்லில் கெட்டியாக நின்றார். "சரி, உங்கள் இஷ்டப்படியே போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் வாளியோடு நின்றிருந்த எல்லம்மா வாயைத் திறந்தாள். பழைய அலுவலகத்தில் கழிவறை கழுவுகிறவள் அவள். தண்ணீர் ஊற்றத்தான் அத்தை அவளை வரச் சொல்லியிருந்தாள்.

"இதி வத்து மேடம்."

இது வேண்டாம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவள் தணிந்த குரலில் தொடர்ந்தாள். சொரசொரப்பில் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும், துடைப்பானுக்கு வராது, முட்டி போட்டு பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும். கிரானைட்டும் வேண்டாம். பளபளப்பும் இல்லாமல் முரடாகவும் இல்லாமல் நடுவிலிருக்கிற சாம்பல் கல் போதும். தண்ணீர் தேங்காமல் ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்துவிட்டால் யாரும் விழமாட்டார்கள்.

மேலாளர் டெல்லிக்காரர். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

அத்தை சற்று நேரம் எல்லம்மாவின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னதை ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். மேலாளர் சாம்பல் கல்லில் நடந்து பார்த்தார். வழுக்கவில்லை.

"அப்படியென்றால் மூன்று வாரமாக நீங்கள் சொன்னதும் தப்புதானே?"

"ஆமாம் சார். நான் நடந்துதான் பார்த்தேன். கழுவிப் பார்க்கவில்லை."

மேலாளர் சிரித்தார். கூட வந்த இன்ஜினீயரும் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை குனிந்து, வாட்டம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எல்லம்மாவிடம் கேட்டு, அவள் விரல் போன திசையில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். எங்கள் வீட்டில் தமிழ் எப்போதும் தனியாக வராது; 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று ஊர் உருதுவும் கலந்துதான் வரும்.

"கைக்கு சொன்னீங்க அத்தை? அந்த சாருக்குத்தான் தெலுங்கே வராதே?"

"ஹவ், வராதுதான்" என்றாள் அத்தை. புடவைத் தலைப்பால் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்குத் தெலுங்கு தெரியாது என்பதை அத்தை அந்த நேரத்தில் மறந்துபோயிருப்பாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவள் மேல் எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.