மாப்பிள்ளைக் காருக்கு வாங்கிய நாலு டயர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். லொறியில் கிளீனராய் ஏறி, சாரதியாகி, சொந்த லொறி வாங்கி, கடைசியில் கல்முனையில் அரிசி ஆலையும் போட்டேன். யாரும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. ஆலை போட்ட கையோடு வாங்கியதுதான் என் ஆமை முதுகுக் கார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். இந்தக் கரையில் அதைப்போல் இன்னொன்று இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். எங்கள் குடும்பத்து மாப்பிள்ளைமார் எல்லோரும் அந்தக் காரில்தான் போனார்கள். போன வருடம் தங்கையின் மகனுக்கு அக்கரைப்பற்றில் பெண் எடுத்தபோது தங்கையும் என்னிடம் கேட்டாள்.

"காக்கா, எண்ட மகனும் உங்கட காரிலதான் போகணும்."

ஓம் என்று வாக்குக் கொடுத்தேன். டயர் நாலும் தேய்ந்திருந்தன. அந்த அளவு இப்போது இலேசில் கிடைக்காது. அக்கரைப்பற்றில் ஒரு கடையில் சொல்லிவைத்து, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்க, புது டயர் நாலும் பூட்டிக்கொண்டு திரும்பினேன்.

அட்டாளைச்சேனை தாண்டவில்லை, ஸ்டியரிங் கையில் துள்ளியது. நாற்பதைத் தொட்டால் காய்ச்சல்காரன் போல் கார் முழுதும் நடுங்கியது. இதில் மாப்பிள்ளையை ஏற்றுவதா? இரவு முழுக்கத் தூக்கமில்லை.

விடிந்ததும் திரும்பப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். ரோட்டில் குழி, காரில் பிழை என்று கடைக்காரன் என்னென்ன சாட்டுச் சொல்வான், அதற்கு நான் என்ன சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். நான் வாயைத் திறந்தால் அரிசி முதலாளிமாரே எழுந்து போவார்கள்.

கடைக்காரர் நாற்பது வயது மனுசன். நான் கத்தி முடித்ததும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரிங்க ஹாஜியார். டயரையும் கொஞ்சம் கதைக்க விடுவம்" என்றார்.

ஒரு சில்லை ஜாக்கில் தூக்கிச் சுற்றிவிட்டார். ஒரு வெண்கட்டியை எடுத்து, கையை ஆடாமல் தரையில் ஊன்றி, டயரில் பட்டும் படாமலும் பிடித்தார். சில்லு நின்றபோது ஒரு சாண் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

"பாத்தீங்களா? இந்த இடம் மேடு. டயர் வட்டமில்ல."

நாலையும் அப்படிப் பார்த்தார். மூன்றில் மேடு. நாலாவதில் மட்டும் கோடு சுற்றி வர விழுந்தது.

"மூண்டு பிழை. ஆனா நாலையும் எடுக்கிறன். ஒத்த டயரை வெச்சி நீங்க என்ன செய்வீங்க?"

காசை எண்ணிக் கையில் வைத்தார். வழியெல்லாம் அடுக்கிவைத்த பதில் ஒன்றுக்கும் வேலை வரவில்லை. எத்தனையோ வியாபாரிகளை ஏமாறாமல் சமாளித்தவன் நான். ஆனால் தன் சாமானின் குறையைத் தன் கையாலேயே கோடு போட்டுக் காட்டிய வியாபாரியை அன்றுதான் கண்டேன்.

"அது சரி தம்பி, நாளண்டைக்கு மாப்பிள்ளையை எதில ஏத்துற?"

அவர் உள்ளே போய் என் பழைய டயர் நாலையும் உருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் என் கார் நம்பர் எழுதியிருந்தது.

"புதுசு நல்லா ஓடுதெண்டு ஆள் வந்து சொல்லும்வரைக்கும் பழசை எறியமாட்டன்."

பூட்டி, அவற்றுக்கும் வெண்கட்டி பிடித்தார். நாலிலும் முழு வட்டம்.

"தேஞ்சதுதான், ஆனா வட்டம் பிசகல்ல. முப்பதுக்கு மேல விடாதீங்க. மழை வந்தா நிப்பாட்டுங்க."

பழைய டயரோடு ஊர்வலம் போவது எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் அந்த மனுசன் சொன்ன பிறகு முப்பத்தொன்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

கல்யாணத்தன்று, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் சந்தி என்று ஊர்ந்தோம். பின்னால் வந்த வேன்காரர்கள் ஹோன் அடித்து அலுத்துப்போனார்கள்.

"மாமா, அந்தச் சைக்கிள்காரன் ரெண்டாந்தரமும் முந்திட்டான்" என்றான் மாப்பிள்ளை.

"அவனுக்கு அவசரம். உனக்கென்ன? பொண்ணு அங்கதானே இரிக்கா."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். ஸ்டியரிங் கடைசிவரை அசையவில்லை. மாப்பிள்ளையின் கால் கழுவிவிடச் செம்போடு நின்றிருந்தான் பெண்ணின் தம்பி; அவன் வந்து கார்க் கதவைத் திறந்தான்.