புரொசெசருக்கு வைத்த பக்கிங்

அந்த நாட்களில் என் மடிக்கணினி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. சூடேறித் தானாக அணைந்துவிடும். நான் எழுதிய நிரலோ நான்கு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். பல்கலைக்கழக இறுதி ஆண்டுச் செயல்திட்டம். முடிவை அனுப்ப இரண்டு நாள்தான் மிச்சம். கூட ஒரு கிழமை அவகாசம் கேட்டால் என்ன என்றார் உம்மா. கேட்பதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன்.

சிலாவத்துறை வீட்டு மேசையில் வைத்தே அதைக் கழற்றினேன். புரொசெசருக்கும் அதன் சூட்டை வாங்கிக் கடத்தும் செப்புத் தகட்டுக்கும் நடுவே பூசியிருந்த பேஸ்ட், காய்ந்த சேறு மாதிரி உதிர்ந்தது. உடனே பஸ் ஏறி மன்னார் டவுனுக்குப் போனேன். பேஸ்ட் குழாய் ஒன்றும், மெத்தென்ற ரப்பர் போலிருந்து சூட்டைக் கடத்தும் தேர்மல் பாட் ஒன்றும் வாங்கினேன். புரொசெசருக்குப் பேஸ்ட்தான் என்று கடைக்காரர் சொன்னது காதில் ஏறவில்லை. இந்த வெக்கையில் பேஸ்ட் மறுபடி காயும், பாட் காயாது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

என் அண்ணன், நானா, படகு இஞ்சின் திருத்துகிறவர். பாட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“இது எங்கட பக்கிங் மாதிரித்தானே. தண்டிப்பாப் போடு புள்ள, அப்பதான் பிடிச்சு நிக்கும்.”

இஞ்சின் பாகங்கள் பொருந்தும் இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ கசியாமல் வைக்கும் தாள்தான் பக்கிங். கசிந்தால் இன்னும் தடித்த, தண்டிப்பான ஒன்றை வெட்டி வைப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் நானா சொன்னது நியாயமாகப் பட்டது. இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஸ்குரூக்களை முறுக்கினேன்.

எட்டே நிமிடத்தில் அணைந்தது.

படித்த பிள்ளை மெக்கானிக்கின் கதையைக் கேட்டால் இதுதான் நடக்கும் என்று நானா சிரித்தார். எனக்கு என் மேல்தான் கோபம். பக்கிங் கடக்கவிடாமல் தடுப்பதற்கு. எனக்கு வேண்டியதோ சூடு கடந்து போவது. தண்டிப்பாகப் போட்டு நானே வழியை அடைத்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி கழற்றினேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, தகடு எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று குனிந்து பார்த்தேன். புரொசெசரில் அது படிந்தே நின்றது. அங்கே பயறளவு பேஸ்ட். பக்கத்துச் சின்னச் சில்லுகளுக்கு மேலே இடைவெளி தெரிந்தது. அங்கே மட்டும் பாட், ஒற்றைத் துண்டு. பேஸ்ட் காய்ந்தால் இன்னொரு பயறளவு பூசிக்கொள்ளலாம்.

நிரலை ஓடவிட்டேன். சூட்டைக் காட்டும் எண் ஏறி, எண்பதில் நின்றது. இருபது நிமிடம் கடந்ததும் நானா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“நிக்குமோ?”

“நிக்காட்டித் திரும்பக் கழட்டுவன். பின்னேரம் வரைக்கும் நேரம் கிடக்கு.”

கழற்ற வேண்டி வரவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னமே முடிவு திரையில் வந்துவிட்டது. ஒருமுறை சரிபார்த்து அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வரும்வரை மடிக்கணினியை மூடவில்லை.