ஒன்பதாம் அத்தியாயத்துச் சிறுமி

சின்னத்தாயி வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது. அரிசிப் பானை, தண்ணீர்க் குடம், துணிப் பெட்டி எல்லாம் திறந்தே இருக்கும். மூடிய எதைக் கண்டாலும் உள்ளே யாரோ மூச்சு விடுவது அவளுக்குக் கேட்கும். ஐம்பது வருஷமாகக் கேட்கிறது. எலி வருமே என்று புருஷன் திட்டித் திட்டியே ஆயுசைக் கழித்தான். அவனிடம்கூடக் காரணம் சொன்னதில்லை.

மில்லில் முப்பது வருஷம் நூல் சுற்றியவள். கண் மங்கி வேலையை விட்டதும், ஒக்கலிபுரத்து வீட்டின் முன்னறையை வாசகர் சங்கத்துக்குக் கொடுத்தாள். ஞாயிறு காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர் அப்பாதுரை உரக்கப் படிப்பான். சின்னத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

1950 ஆடி மாதம் அவர்கள் எடுத்தது ‘பதினேழாம் கூடாரம்’ என்ற மர்ம நாவல். ஊரில் பிளேக் வந்த 1898இல் நடக்கும் கதை. நோயாளிகளை அடைத்த முகாமில் ஒரு கொலை. செய்தவன் யார் என்று கடைசிவரை தெரியாது. எல்லோரும் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், நோயாளிகளைத் தேடி வரும் சோதனைக்காரர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். காய்ச்சல் கண்ட பெண்ணைத் தாய் மண்ணால் செய்த நெல் குதிருக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். ‘ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிய சிறுமி ஒருத்தி, கேட்டதும் குதிரின் பக்கம் கை காட்டினாள்’ என்று அப்பாதுரை படித்தான்.

சின்னத்தாயியின் கை கீரையில் அப்படியே நின்றது.

அந்தக் காலையில் அக்கா சரசுதான் காய்ச்சலோடு அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்திருந்தது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா சரசுவை இழுத்துக்கொண்டு போனாள். பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியின் ஒரு சந்து வீட்டில் நடந்தது அது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அம்மாவும் அந்த மாதமே போய்விட்டாள். பார்த்தவர் வேறு யாரும் உயிரோடு இல்லை.

“அப்பாதுரை, இத எழுதினவர இங்க வரச்சொல்லு” என்றாள்.

“பெரிய மனுஷர் அத்தே. மல்லேஸ்வரத்துல இருக்காராம், சீனிவாசராகவன்னு. கவர்மென்ட்ல இருந்து ரிட்டையர் ஆனவர். நம்ம சங்கத்துக்கெல்லாம் வருவாரா?”

“எழுதிப் பாரேன்.”

உடம்பு சரியில்லை, கூட்டங்களுக்குப் போவதில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. சின்னத்தாயி விடவில்லை. “இன்னொரு காயிதம் போடு. நான் சொல்றத மட்டும் எழுது. அந்தக் குதிரு நீங்க எழுதின மாதிரி மண்ணுக் குதிரு இல்ல, மூங்கிக் குதிருன்னு எழுது.”

அப்பாதுரை விழித்தான். எழுதினான்.

அடுத்த ஞாயிறு ஜட்கா வந்து நின்றது. நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் தடி. அறுபது வயது சீனிவாசராகவன் இறங்கினார். மாலை போட்டார்கள். கொலைகாரன் யார், முகாம் காவலாளி ஏன் பொய் சொன்னான் என்றெல்லாம் கேட்டார்கள். பதில் சொல்லும்போதெல்லாம் அவர் கண் அறையைத் துழாவிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே கேட்டார்: “மூங்கில் குதிர்னு எழுதச் சொன்னது யாரு?”

“நான்தாங்க. ஒத்தச் சடப் பொண்ண நீங்க எங்க பாத்தீங்க?”

“நான் பாக்கலம்மா. எங்கப்பா பாத்தார். சோதனைக் கோஷ்டியில அவர் ரைட்டர், பேர் எழுதற குமாஸ்தா. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால அந்தக் குழந்தைகிட்ட கேட்டது அப்பாதான். மூணு நாள்ல மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பிடுவோம், உங்கக்கா எங்கன்னு சொல்லுன்னு கேட்டாராம். அவ திரும்பி வர மாட்டாள்னு அவருக்குத் தெரியும். சாகிற வரைக்கும் அந்த ஒரு பக்கச் சடையைப் பத்தியே பேசிண்டிருந்தார். தூக்கத்துலகூட.”

“அந்தப் புள்ள நாந்தான்” என்றாள் சின்னத்தாயி. “மூணு நாளுன்னு சொன்னாரு. ஆமா. அத நான் மறந்தே போய்ட்டேன். சும்மாவே காட்டிக்குடுத்துட்டேன்னு இத்தினி வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.”

சீனிவாசராகவன் எழுந்து நின்றார். கை கூப்ப வந்தவர், கூப்பாமல் தடியைப் பிடித்துக்கொண்டார். “அந்த அத்தியாயத்த எடுத்துடறேம்மா. அடுத்த பதிப்புல வராது.”

“வேணாங்க. எடுத்துட்டா எங்கக்கா இருந்ததுக்கே அத்தாட்சி இல்ல. அவ பேரு சரசு. அத மட்டும் போடுங்க.” அவர் தலையாட்டியதும், “அவள எங்க பொதச்சாங்கன்னு உங்கப்பா சொன்னாரா?” என்று கேட்டாள்.

சொல்லியிருந்தார். முகாம் இருந்த மேட்டுக்குக் கீழே, ஏரிக்கரைப் பக்கம்.

அந்த வாரமே இருவரும் ஜட்காவில் போனார்கள். மேடும் இல்லை, ஏரியும் இல்லை. வரிசையாகப் புது வீடுகள், கொடியில் துணிகள். இங்கேயா, அங்கேயா என்று அவர் தடியால் காட்டிக் காட்டித் தடுமாறினார். சின்னத்தாயிக்கு எந்தப் பக்கம் கால் வைக்கவும் பயமாக இருந்தது.

ஒரு வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள்.

அவர் வாய் திறக்குமுன், அக்காவைத் தேடுவதாகச் சின்னத்தாயி கன்னடத்திலேயே சொன்னாள்: “நம்ம அக்கன்ன, தாயி.”

“ஹெசரு?” என்றாள் அந்தப் பெண்.

சின்னத்தாயி பேரைச் சொன்னாள். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, சரசு என்று யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்கத் தொடங்கினாள்.