வெந்நீரில் அலசிய ஆறு குழாய்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுப்பதென்று முடிவாயிற்று. பதினோரு மாத உதிரப்போக்கில் வெளுத்துப் போயிருந்தாள். "இனி கொஞ்சம்கூட ரத்தம் வீணாகக் கூடாது" என்றார் டாக்டரம்மா. ரத்தக்குழாய்களை நூலால் கட்டாமல் மின்சாரத்தால் சுட்டு அடைக்கப் போகிறார். அதற்கு இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, ஒன்பது வருடமாக அவர் பிடித்துவரும் இடுக்கி. போதும் என்று நிறுத்துவது அவர் கண்ணின் வேலை. மற்றது, கருவி விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் புதிதாகக் கொண்டுவந்தது. குழாய் அடைபட்டதும் தானே நின்று கூவும். மதுரையில் டாக்டரம்மா அதிலும் கைபழகியிருந்தார்.

"எது நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதான்."

முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இரண்டும் சரி என்று எழுதிய விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்டதில்லை. நான்கு நாளில் ஏழு தடவை போய்க் கேட்டேன். தாங்க முடியாமல் கம்பெனிக்காரர், ஆட்டு ரத்தக்குழாயில் செய்தே காட்டிவிடுவதாகச் சொன்னார். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாதாம்.

யார் வாங்கிவருவது? புரட்டாசி சனிக்கிழமை. டாக்டரம்மா சைவம், கம்பெனிக்காரர் சைவம், தியேட்டர் நர்ஸ் விரதம். நானும் சைவம்தான். ஆனால் சந்தேகம் என்னுடையது.

மேலப்பாளையம் கறிக்கடையில் பாய் வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி! ஈரலா, நெஞ்செலும்பா?"

"ரத்தக்குழாய். ஆறு." சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்.

"அளந்தா வாங்குவிய? எதுக்கு?"

"வீட்டம்மாவுக்கு ஆபரேஷன்."

கத்தி அந்தரத்தில் நின்றது. "ஆட்டுக் குழாயையா வச்சுத் தைக்கப் போறாக?"

விளக்கிச் சொன்னேன். பாதிதான் புரிந்தது போலிருந்தது. பார்த்துப் பார்த்து ஆறு எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். "அல்லா சொகமாக்குவான். பைய போங்க."

ஆஸ்பத்திரி மேஜையில் புதிய கருவி மூன்று குழாய்களைச் சுட்டது, இடுக்கி மூன்றை. நான் விநாடி எண்ணினேன். பிறகு ஊசியால் உள்ளே தண்ணீரை ஏற்றிப் பார்த்தார்கள். ஆறும் ஒழுகின. கம்பெனிக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார். ஆட்டிடமே நிற்காதது அவளிடம் எப்படி நிற்கும்?

டாக்டரம்மா ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "ஐயா, இதை என்ன செஞ்சிய?"

"சுத்தம் செய்தேன். டீக்கடையில் கொதிக்கிற வெந்நீர் வாங்கி மூன்று தடவை அலசினேன்."

"வேகவச்சுட்டியளே! வெந்த குழாய் எப்படி ஒட்டும்?"

"உப்புப் போட்டிருந்தா சாப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் விரதம்" என்றாள் நர்ஸ்.

மறுபடி மேலப்பாளையம். பாய் என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, குழம்பு ருசியா இருந்துதோ?" என்றார்.

இரண்டாம் ஆறு ஒழுகவில்லை. இடுக்கி அடைத்த மூன்றும் நின்றன, கூவுவது அடைத்த மூன்றும் நின்றன. ஆக, டாக்டரம்மா முதலில் சொன்ன அதே விடை. பன்னிரண்டு குழாய்கள் வீண்.

வார்டில் படுத்திருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணை மூடியே கேட்டாள். பின்னால் நின்ற டாக்டரம்மாவிடம், "அந்தக் கூவுததையே வைங்கம்மா" என்றாள். "வெளிய எண்ணுததுக்கு ஒண்ணும் இல்லைன்னா இவுகளுக்கு உசுரு போயிரும்."

ஆபரேஷன் அன்று கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கருவி பதினோரு தடவை சீராகக் கூவியது. பிறகு சத்தமே இல்லை. எதிர்ச்சுவரில் நூற்று நாற்பத்திரண்டு ஓடுகள். இரண்டாம் தடவை எண்ணியபோதும் நூற்று நாற்பத்திரண்டு. மூன்றாம் தடவை தொடங்கினேன். பன்னிரண்டு. உடனே பதின்மூன்று, பதினான்கு. நர்ஸ் கதவைத் திறந்து, "முடிஞ்சுட்டு, நல்லா இருக்காக" என்றாள்.

மறுநாள் காலை மனைவி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "எத்தனை கூவிச்சு?"

"பதினாலு."

"டாக்டரம்மா பதினஞ்சுன்னாகளே."

ஒன்று எங்கே போயிற்று? எந்தக் குழாய் அது? டாக்டரம்மாவைத் தேடி மாடிக்கு ஓடினேன். ஒன்பதாம் படியில் பின்னாலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்கிறதென்று என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே எத்தனை படி என்று இன்றுவரை தெரியாது.